ஃபிராக்டல்: சொரசொரப்பை அளந்த கணக்கு

கேள்வி இதுதான்: "உள்ளே போகப் போக அதே உருவம் திரும்பத் திரும்ப வரும் வண்ணப் படங்களை ஃபிராக்டல் என்கிறார்கள். பார்க்க அழகாக இருக்கிறது, சரி. இந்தக் கணக்கால் கலைக்கும் அறிவியலுக்கும் உண்மையில் என்ன கிடைத்தது?"

நியாயமான கேள்வி. பல வருடமாகக் கணக்குச் சொல்லித் தருகிறவன் என்ற முறையில், என் மாணவர்களிடமிருந்தும் இதே கேள்வி ஒவ்வொரு வருடமும் வருகிறது. அந்த வண்ணப் படங்கள் கடை வாசலில் தொங்கும் பலகை மாதிரி. சரக்கு உள்ளே இருக்கிறது. தமிழில் இதற்கு ஒன்றுக்கு மேற்பட்ட பெயர்கள் புழங்குவதால் நான் ஃபிராக்டல் என்றே எழுதுகிறேன்.

கடற்கரையிலிருந்து தொடங்கலாம். இந்தியக் கடற்கரையின் நீளம் 7,516.6 கிலோமீட்டர் என்று மனப்பாடம் செய்து பரீட்சை எழுதியவர்கள் நாம். இப்போது அரசுக் கணக்கில் அது 11,098.81 கிலோமீட்டர். இடையில் கடலிலிருந்து புதிதாக நிலம் எதுவும் எழும்பவில்லை. 1970களில் அளந்தபோது பயன்படுத்திய வரைபடத்தின் அளவு 1-க்கு 45 லட்சம். மறு அளவீட்டில் 1-க்கு இரண்டரை லட்சம். அதாவது, 18 மடங்கு நெருங்கிப் போய்ப் பார்த்திருக்கிறார்கள். பழைய வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்த இடம், புதியதில் கழிமுகமாகவும் ஓடையாகவும் மணல்திட்டாகவும் பிரிந்து தெரிகிறது. அத்தனை வளைவிலும் புகுந்து அளந்தால் நீளம் கூடத்தானே செய்யும்?

இதை முதலில் கண்டுகொண்டவர் லூயிஸ் ஃபிரை ரிச்சர்ட்சன் என்ற ஆங்கிலேயர். வானிலையைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியும் என்று முதலில் முயன்று பார்த்தவர்களில் ஒருவர். குவேக்கர் சமயத்தவர், போரை வெறுத்தவர். முதல் உலகப் போரில் துப்பாக்கி தூக்காமல் ஆம்புலன்ஸ் படையில் வேலை செய்தார். பிறகு, நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று ஆராய்ந்தார். எல்லையின் நீளத்துக்கும் போருக்கும் தொடர்பு உண்டா என்று பார்க்க எல்லை நீளங்களைத் திரட்டினார். அங்கேதான் விநோதம். ஸ்பெயினுக்கும் போர்ச்சுகலுக்கும் இருக்கும் எல்லை ஒன்றுதான். ஒரு கணக்கில் அது 987 கிலோமீட்டர், இன்னொரு கணக்கில் 1,214. பெல்ஜியம்-நெதர்லாந்து எல்லை ஓரிடத்தில் 380, வேறோரிடத்தில் 449. யாரும் பொய் சொல்லவில்லை. அளவுகோல் வேறு, அவ்வளவுதான். 1953-ல் ரிச்சர்ட்சன் இறந்தார். இந்தக் குறிப்புகள் 1961-ல்தான் அச்சேறின.

அதைப் படித்துவிட்டு, "பிரிட்டனின் கடற்கரை எவ்வளவு நீளம்?" என்று தலைப்பிட்டு 1967-ல் சயின்ஸ் இதழில் ஒரு சிறு கட்டுரை எழுதினார் கணித அறிஞர் பெனுவா மாண்டல்பிராட். 100 கிலோமீட்டர் கோலால் அளந்தால் ஏறக்குறைய 2,800 கிலோமீட்டர். 50 கிலோமீட்டர் கோலால் அளந்தால் 3,400. கோல் சிறுத்துக்கொண்டே போனால் நீளம் ஏறிக்கொண்டே போகும், எந்த எண்ணிலும் வந்து நிற்காது. ஆக, நீளம் எவ்வளவு என்ற கேள்விக்கு உறுதியான விடை இல்லை. ஆனால் கோல் சிறுக்கும்போது நீளம் எந்த வேகத்தில் ஏறுகிறது என்ற கேள்விக்கு உறுதியான விடை இருக்கிறது! அந்த வேகம்தான் அந்தக் கரையின் அடையாளம். ஃபிராக்டல் கணக்கு முழுக்க இந்த ஒரு திருப்பத்தில்தான் நிற்கிறது.

அந்த வேகத்தை எண்ணாக எழுதினால், அதுதான் ஃபிராக்டல் பரிமாணம். பயப்பட வேண்டாம், ஒரு தாளும் பேனாவும் போதும். ஒரு கோட்டை மூன்று மடங்கு பெரிதாக்குங்கள். அதில் பழைய கோடு எத்தனை அடங்கும்? 3. ஒரு சதுரத்தின் பக்கத்தை மூன்று மடங்காக்கினால் பழைய சதுரம் 9 அடங்கும். கனசதுரமானால் 27. 3, 9, 27 என்பவை 3-இன் ஒன்றாம், இரண்டாம், மூன்றாம் அடுக்குகள். கோட்டுக்கு ஒரு பரிமாணம், சதுரத்துக்கு இரண்டு, கனசதுரத்துக்கு மூன்று என்று சொல்வதன் பொருளே இதுதான். இப்போது சுவீடன் கணித அறிஞர் ஹெல்கே வான் கோக் 1904-ல் வரைந்த வளைவுக்கு வருவோம். ஒரு கோட்டை மூன்றாகப் பிரித்து, நடுத்துண்டை எடுத்துவிட்டு, அங்கே கூடாரம் போல இரண்டு துண்டுகளை நிறுத்துங்கள். ஒரு கோடு நான்காகிவிட்டது. அந்த நான்கிலும் அதையே செய்யுங்கள், பதினாறு. இப்படியே முடிவில்லாமல். இந்த வளைவை மூன்று மடங்கு பெரிதாக்கினால் அதற்குள் பழைய வளைவு நான்கு அடங்கும். 3-ஐ எத்தனையாவது அடுக்குக்கு உயர்த்தினால் 4 வரும்? ஒன்றாம் அடுக்கில் 3, இரண்டாம் அடுக்கில் 9. விடை இரண்டுக்கும் நடுவில், 1.26. கோட்டைவிடப் பெரியது, பரப்பைவிடச் சிறியது. ஒரு கோடு எவ்வளவு கோணலாக, எவ்வளவு சொரசொரப்பாக இருக்கிறது என்பதற்கு முதன்முறையாக ஓர் எண் கிடைத்தது. பிரிட்டனின் மேற்குக் கரைக்கு மாண்டல்பிராட் கொடுத்த எண் 1.25.

இந்தியக் கணக்கை இதே முறையில் நானே போட்டுப் பார்த்தேன். 18 மடங்கு நெருங்கியதில் நாட்டின் கடற்கரை மொத்தமாக ஒன்றரை மடங்குக்குச் சற்றுக் குறைவாகக் கூடியிருக்கிறது. பரிமாணம் சுமார் 1.13. தமிழ்நாட்டின் கரை 906.9 கிலோமீட்டரிலிருந்து 1,068.69 ஆனது. பரிமாணம் 1.06 தான். சென்னையிலிருந்து தெற்கே நேராக ஓடும் மணற்கரையைப் பார்த்தவர்களுக்கு இதில் வியப்பு இருக்காது. மேற்கு வங்கத்தைப் பாருங்கள்: 157 கிலோமீட்டர் 721 ஆகிவிட்டது, நாலரை மடங்கு! பரிமாணம் 1.53 வருகிறது. கடல் நீளமாக உள்ளே புகுந்த ஃபியார்டுகள் பிளந்து கிடக்கும் நார்வே கரைக்கு ஆய்வாளர்கள் சொல்லும் எண்ணும் ஏறக்குறைய அதுதான். சுந்தரவனத்தின் ஓடைகளும் சேறும் அலையாத்திக் காடும் இந்த எண்ணுக்குள் இருக்கின்றன. இரண்டே அளவீட்டை வைத்துப் போட்ட கணக்கு இது, எதையெல்லாம் கரையாகச் சேர்ப்பது என்ற விதியும் இடையில் மாறியிருக்கிறது. ஆகவே தசம எண்ணைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆனாலும் மணற்கரைக்கும் சதுப்புக்கரைக்கும் உள்ள வித்தியாசம் எண்ணில் அப்படியே வந்து நிற்பதைப் பார்த்தபோது எனக்கு மெய்யாகவே சிலிர்த்தது.

கோக் வளைவு வந்த காலத்தில் கணிதக்காரர்கள் இப்படிப்பட்ட உருவங்களை அரக்கப் பிறவிகள் என்று ஒதுக்கினார்கள். எந்த இடத்திலும் தொடுகோடு வரைய முடியாத வளைவை 1872-ல் வையர்ஸ்ட்ராஸ் காட்டியபோது பலருக்கு அருவருப்பு. ஒரு கோட்டின் நடு மூன்றிலொரு பங்கை வெட்டி, மிச்சத்தின் நடுவை வெட்டி, இப்படியே போய்க் கடைசியில் தூசியாக மிஞ்சுவதை 1883-ல் கேன்டர் காட்டினார். இவையெல்லாம் தர்க்கத்தின் எல்லையைச் சோதிக்கிற வேடிக்கைகள், இயற்கைக்கும் இவற்றுக்கும் சம்பந்தமில்லை என்பதுதான் அன்றைய எண்ணம்.

மாண்டல்பிராட் அதைத் தலைகீழாக்கினார். 1924-ல் வார்சாவில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1936-ல் குடும்பம் பிரான்சுக்குப் போனது. போர்க்காலத்தில் ஊர் ஊராக ஒளிந்து வாழ்ந்ததில் ஒழுங்கான பள்ளிப்படிப்பு இல்லை. எதையும் படமாகவே யோசிக்கும் பழக்கம் மட்டும் ஊறிப்போயிருந்தது. 1958-ல் ஐபிஎம் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தார். அங்கே பொறியாளர்களுக்கு ஒரு தலைவலி. டெலிபோன் கம்பி வழியே கணினித் தகவல் அனுப்பினால் நடுவே இரைச்சல் புகுந்து பிழை வருகிறது. ஒரு மணி நேரம் சுத்தமாகப் போகும், அடுத்த மணி நேரத்தில் பிழைகள் கொத்தாக வரும். அந்தக் கொத்தைப் பிரித்துப் பார்த்தால் உள்ளேயும் சுத்தமான இடைவெளிகள், நடுநடுவே சின்னக் கொத்துகள். அதற்குள்ளும் அப்படியே. மாண்டல்பிராட்டுக்குக் கேன்டரின் தூசி நினைவுக்கு வந்தது. அரக்கப் பிறவி என்று மூலையில் போட்டது டெலிபோன் கம்பிக்குள் உட்கார்ந்திருக்கிறது! சிக்னலை எவ்வளவு உரக்க அனுப்பினாலும் இந்த வகைப் பிழை முழுக்கப் போகாது, பிழை வரும் என்று ஒப்புக்கொண்டு அதைக் கண்டுபிடித்துத் திருத்துகிற ஏற்பாட்டைச் செய்யுங்கள் என்றார்.

அடுத்து பருத்தி. 1963-ல் பருத்தி விலையின் நீண்டகால ஏற்ற இறக்கத்தை எடுத்து ஆராய்ந்தார். நாள் கணக்கில் பார்த்தாலும் மாதக் கணக்கில் பார்த்தாலும் ஏற்ற இறக்கத்தின் சாயல் ஒரே மாதிரி இருந்தது. பெரும்பாலானவை சராசரியை ஒட்டியே குவியும் என்று சொல்லும் மணிவடிவ வளைவு எதிர்பார்ப்பதைவிடப் பெரிய குதிப்புகள் அடிக்கடி வந்தன. பொருளாதாரக்காரர்கள் பலர் இதைப் பல ஆண்டு கண்டுகொள்ளவில்லை. 1987 அக்டோபர் 19 அன்று நியூயார்க்கில் டவ் ஜோன்ஸ் பங்குச் சந்தைக் குறியீடு ஒரே நாளில் 22.6 சதவீதம் விழுந்தது. மணிவடிவக் கணக்குப்படி பிரபஞ்சத்தின் வயது முழுக்கக் காத்திருந்தாலும் அப்படி ஒரு நாள் வரக்கூடாது. ஃபிராக்டல் கணக்கால் விலையை முன்கூட்டிச் சொல்ல முடியும் என்று யாராவது உங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தால் நம்பாதீர்கள். அது சொல்வது ஆபத்தின் அளவை மட்டுமே: பெருவீழ்ச்சி நீங்கள் நினைப்பதைவிட அடிக்கடி வரும் என்று. "ஃபிராக்டல்" என்ற பெயரையே மாண்டல்பிராட் 1975-ல்தான் வைத்தார், உடைந்தது என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து.

சரி, இயற்கைக்கு வருவோம். முருங்கைக் கீரை உருவியிருக்கிறீர்களா? ஒரு கொத்தை எடுத்துக் கையில் வைத்துப் பாருங்கள். நடுவே ஒரு காம்பு. அதன் இரு பக்கமும் கிளைக்காம்புகள். ஒரு கிளைக்காம்பை மட்டும் ஒடித்துத் தனியாக வைத்தால், அது முழுக் கொத்தின் சின்ன நகல். அதிலிருந்து இன்னும் சிறிய காம்பு, அதிலும் இலைகள். அவ்வளவுதான், அதோடு நின்றுவிடும். முடிவில்லாமல் போவது கணக்கில் மட்டும். இயற்கையில் இரண்டு மூன்று படி, மிஞ்சினால் சில பத்துப் படி. இந்த வரம்பை மறந்துவிட்டு எதைப் பார்த்தாலும் ஃபிராக்டல் என்பது இந்தத் துறைக்கே பிடித்த ஒரு வியாதி. அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன்.

படிகள் நிறையப் போகிற இடம் நம் நெஞ்சுக்குள் இருக்கிறது. மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரிகிறது, ஒவ்வொன்றும் மறுபடி இரண்டு, இப்படி ஏறக்குறைய 23 தடவை. 2-ஐ 23 தடவை பெருக்கினால் 83 லட்சத்தைத் தாண்டும். முனைகளில் 30 கோடிக்கும் மேற்பட்ட காற்றுப் பைகள். ஐந்தாறு லிட்டர் காற்று பிடிக்கிற பைக்குள் 70 சதுர மீட்டருக்குக் குறையாத பரப்பு மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. ஒரு சின்ன ஃபிளாட்டின் தரை முழுக்க! இவ்வளவையும் கட்டத் தனித்தனியாக 83 லட்சம் கட்டளைகள் தேவையில்லை. "வளர், பிரி, கொஞ்சம் சிறுத்துக்கொள், மறுபடி செய்" என்ற வகைச் சிறு விதியே பெரும்பாலான வேலையைச் செய்துவிடும். விழித்திரையின் ரத்த நாளங்களை ஃபிராக்டல் முறையில் அளந்தால் ஆரோக்கியமான கண்ணில் சுமார் 1.7 வருகிறது. நோயில் இந்த எண் எப்படி மாறுகிறது என்று மருத்துவ ஆய்வாளர்கள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

மேகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1982-ல் ஷான் லவ்ஜாய் என்ற இயற்பியலாளர், இந்தியப் பெருங்கடலின் மேல் எடுத்த செயற்கைக்கோள் படங்களிலும் ரேடார் மழைப்படங்களிலும் மேகம், மழைப் பகுதிகளின் சுற்றளவையும் பரப்பையும் ஒப்பிட்டார். ஒரு சதுர கிலோமீட்டர் மேகத்திலிருந்து பத்து லட்சம் சதுர கிலோமீட்டர் மேகம் வரை ஓரத்தின் பரிமாணம் ஒன்றேதான், 1.35. பக்கத்தில் மரமோ வீடோ இல்லாமல் மேகத்தை மட்டும் படமெடுத்தால் அது எவ்வளவு பெரியது என்று சொல்ல முடியாமல் போவது இதனால்தான். விமான ஜன்னலில் உட்கார்ந்து பார்ப்பவர்கள் மேகத்தின் தூரத்தைத் தப்பாக ஊகிப்பதும் இதனால்தான்.

பொறியியலில் ஒரு கதை மட்டும். 1988-ல் பாஸ்டனில் நேதன் கோஹன் என்ற வானியலாளர், அமெச்சூர் வானொலிக்காரரும்கூட, குடியிருந்த இடத்தில் ஆன்டெனா கட்ட வீட்டுக்காரர் அனுமதிக்கவில்லை. அவர் கம்பியைக் கோக் வளைவு போல மடித்துச் சின்ன ஆன்டெனா செய்து பார்த்தார், வேலை செய்தது. குறுகிய இடத்தில் நீளமான கம்பி, ஒன்றுக்கு மேற்பட்ட அலைவரிசை என்ற இரண்டு வசதியும் கிடைத்ததால் அந்த வகை ஆன்டெனாக்கள் பிற்பாடு தொழிலுக்குள் வந்தன.

இனி கலை. இதைத்தான் விரிவாகச் சொல்ல எனக்கு ஆசை.

முதலில் அந்த வண்ணப் படம். ஓர் எண்ணை எடு, அதை அதனாலேயே பெருக்கு, ஒரு மாறிலியைக் கூட்டு, வந்த விடையை வைத்து அதையே திரும்பச் செய். விடை கட்டுக்குள் இருக்கிறதா, ஓடிப்போகிறதா? இந்தச் சின்ன விளையாட்டை முதல் உலகப் போர்க் காலத்திலேயே காஸ்டன் ஜூலியாவும் பியர் ஃபாத்துவும் காகிதத்திலேயே ஆழமாக ஆராய்ந்துவிட்டார்கள். ஜூலியா போரில் மூக்கை இழந்தவர், மருத்துவமனைப் படுக்கைகளில் கிடந்தபடி இந்தக் கணக்கைத் தொடர்ந்தவர். அவர்கள் ஆராய்ந்த உருவங்களை அவர்களால் கண்ணால் பார்க்க முடியவில்லை, கணினி இல்லை. 1980-ல் மாண்டல்பிராட், விடை கட்டுக்குள் நிற்கும் மாறிலிகளைப் புள்ளிகளாகக் கணினியில் அச்சடித்துப் பார்த்தபோது வண்டு போன்ற ஒரு கரிய உருவமும் அதைச் சுற்றித் தூசி போன்ற புள்ளிகளும் தெரிந்தன. அந்தத் தூசி ஒவ்வொன்றும் முழு வண்டின் நகல். எல்லாம் கண்ணுக்குத் தெரியாத மெல்லிய இழைகளால் ஒட்டிக்கொண்டிருக்கின்றன என்று அட்ரியன் டுவாடியும் ஜான் ஹப்பர்டும் நிரூபித்து, அதற்கு மாண்டல்பிராட் கணம் (செட்) என்று பெயரிட்டார்கள். அந்த வண்ணங்கள் யாரோ தேர்ந்தெடுத்தவை, கணக்கில் வண்ணம் இல்லை. கலையில் ஃபிராக்டல் சாதித்தது இந்தப் படங்கள்தான் என்று யாராவது சொன்னால் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். இவை சுவரில் மாட்ட நன்றாக இருக்கும். நிஜமான மாற்றம் சினிமாவில் நடந்தது.

போயிங் விமான நிறுவனத்தில் வேலை பார்த்த லோரன் கார்பென்டருக்கு, விமானப் படங்களுக்குப் பின்னால் மலைகள் வேண்டியிருந்தது. மலையை எப்படி வரைவது? கூம்பாக வரைந்தால் பிறந்தநாள் தொப்பி போல இருக்கிறது. மாண்டல்பிராட்டின் புத்தகத்தைப் படித்தார். வழி கிடைத்தது. பெரிய முக்கோணம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பக்கங்களின் நடுப்புள்ளிகளையும் மேலேயோ கீழேயோ இஷ்டத்துக்குக் கொஞ்சம் தள்ளிவிடுங்கள். நடுப்புள்ளிகளை இணைத்தால் நான்கு முக்கோணங்கள். ஒவ்வொன்றிலும் அதையே செய்யுங்கள், ஆனால் தள்ளும் அளவைக் குறைத்துக்கொண்டு. ஏழெட்டுச் சுற்று போனால் பல்லாயிரம் முக்கோணங்களில் ஒரு மலை எழும்பி நிற்கும். ஒவ்வொரு சுற்றிலும் தள்ளலை எவ்வளவு குறைக்கிறீர்கள் என்பதுதான் சூட்சுமம். வேகமாகக் குறைத்தால் நீலகிரிச் சரிவு போல வழவழப்பு, மெதுவாகக் குறைத்தால் உடைந்த பாறை. மேலே கடற்கரைக்குப் பார்த்த அதே சொரசொரப்பு எண், இங்கே ஓவியர் திருகும் குமிழாகிவிட்டது.

1980-ல் கணினி வரைகலை மாநாட்டில் இரண்டு நிமிடப் படம் ஒன்றைத் திரையிட்டார், மலைகளுக்கு நடுவே பறந்து போவது போல. லூக்காஸ்ஃபிலிம் என்ற சினிமா நிறுவனத்தின் ஆட்கள் அங்கேயே அவரை வேலைக்கு எடுத்துக்கொண்டார்கள். 1982-ல் வந்த இரண்டாவது ஸ்டார் டிரெக் படத்தில் செத்துக் கிடந்த கோள் ஒரு நிமிடத்தில் மலையும் கடலுமாக உயிர்பெறும் காட்சியில் அந்த மலைகள் இப்படிப் பிறந்தவை. பிக்சார் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் கார்பென்டரும் ஒருவர். இன்றைக்குப் பிள்ளைகள் விளையாடும் கணினி விளையாட்டுகளில், நடக்க நடக்கப் புதிது புதிதாக நிலம் முளைக்கிறதே, அதன் அடியில் ஓடுவதும் இதே குடும்பத்துக் கணக்குதான். அந்த நிலத்தை யாரும் உட்கார்ந்து வரைந்து வைக்கவில்லை. விதியும் கொஞ்சம் தற்செயலும் சேர்ந்து அந்தந்த நொடியில் செய்கின்றன.

ஒரே விதியைத் திரும்பத் திரும்பச் செய்து உருவம் எழுப்புவது என்றதும் நமக்கு எது நினைவுக்கு வரும்? வாசல் கோலம். இது வெறும் ஊர்ப்பாசம் இல்லை, இந்தத் தொடர்பு ஆய்வுலகில் பதிவான ஒன்று. தாம்பரத்தில் உள்ள சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, இவர்களோடு கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தை ஒரு மொழியாகப் பாவித்து, அதற்கு இலக்கணம் எழுதி 1974-ல் வெளியிட்டார்கள். கோலம் போடுகிறவர்கள் அதை எப்படி நினைவில் வைத்திருக்கிறார்கள் என்றும் கிஃப்ட் சிரோமணி ஆராய்ந்தார். முழுப் படமாக இல்லை. நேரே போ, வலப்பக்கம் திரும்பு, புள்ளியைச் சுற்றி வளைந்து வா என்று கையின் அசைவுகளாக. என் அம்மா சிக்குக் கோலம் சொல்லிக்கொடுக்கும்போது வாயில் ஒரு வார்த்தை விளக்கம் வராது. என் அக்காவின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே போவார். கணக்குப் படித்த பிறகுதான் அந்த இழுப்பே விளக்கம் என்று எனக்குப் புரிந்தது.

அதே காலகட்டத்தில் செடிகளின் வளர்ச்சியை எழுத்துகளின் வரிசையாக எழுதும் முறையை அரிஸ்டிட் லிண்டன்மேயர் என்ற உயிரியலாளர் 1968-ல் உருவாக்கியிருந்தார். ஓர் எழுத்துக்குப் பதிலாக ஒரு தொடரை வை, அந்தத் தொடரில் வரும் அதே எழுத்துக்குப் பதிலாக மறுபடி அதே தொடரை வை. ஒவ்வொரு எழுத்தும் "முன்னே போ", "திரும்பு" என்ற ஒரு கட்டளை. செடிக்காக வந்த இந்த முறை கோலத்துக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. பாம்புக் கோலத்தை ஒரே வரி விதியில் எழுதிவிடலாம். அந்த விதியை ஒரு தடவை ஓட்டினால் சின்னக் கோலம். அடுத்த தடவை, நான்கு சின்னக் கோலங்கள் கோடு அறுபடாமல் பின்னிக்கொண்ட பெரிய கோலம். இன்னொரு தடவை ஓட்டினால் பதினாறு. செடிகளைக் கணினியில் வளர்ப்பது பற்றிய பாடநூல்களில் பெரணிக்கும் பூங்கொத்துக்கும் பக்கத்தில் கோலமும் இடம்பிடித்தது இப்படித்தான்.

இதனால் கோலம் எல்லாமே ஃபிராக்டல் என்று சொல்லிவிடக் கூடாது. பெரும்பாலான சிக்குக் கோலங்களில் இருப்பது சமச்சீர், சிறியது பெரியதற்குள் அடங்கும் அடுக்கு அல்ல. பாம்புக் கோலம் போன்ற சில குடும்பங்கள்தான் அப்படி வளர்கின்றன, அவையும் வாசலின் அகலத்தில் இரண்டு மூன்று படியோடு நின்றுவிடும்.

கோயில் கட்டடத்திலும் இந்தச் சுயஒப்புமை, அதாவது பகுதி முழுதைப் போலவே இருப்பது, உண்டு. கஜுராஹோவின் கந்தாரிய மகாதேவர் கோயிலில் நடுச் சிகரத்தின் மேல் அதே வடிவச் சிறு சிகரங்கள் 84 ஒட்டி ஏறுகின்றன. தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு மலை, கிட்டே போனால் மலைகளால் ஆன மலை. நம் பக்கத்தில் மாமல்லபுரம் தர்மராஜ ரதத்தின் முன் நின்று மேல்தளங்களைக் கவனியுங்கள். ஒவ்வொரு தளத்தின் விளிம்பிலும் வரிசையாகக் குட்டிக் கோயில்கள். மூலையில் இருப்பது சதுரமான கூடு, நடுவில் இருப்பது வண்டிக்கூரை போட்ட, 'சாலை' எனப்படும் நீண்ட கூடு. அந்தச் சாலையின் கூரையைப் பார்த்துவிட்டு நாலடி தள்ளி நிற்கும் பீம ரதத்தின் கூரையைப் பாருங்கள். கோயிலைச் சிறிதாக்கி, அதையே கோயில் கட்டும் செங்கல்லாக ஆக்கியிருக்கிறார்கள். சிற்பிகளுக்கு ஃபிராக்டல் தெரியும் என்பதல்ல என் வாதம். விதியை வெவ்வேறு அளவில் திரும்பச் செய்தால் செழுமை வரும் என்று கைகளுக்குத் தெரிந்திருந்தது. ஆப்பிரிக்காவில் தெற்கு ஜாம்பியாவின் பா-இலா மக்கள் ஊர் அமைத்த விதத்திலும், வட்டமான ஊருக்குள் வட்டமான குடும்ப வளாகங்கள், அவற்றுக்குள் வட்டமாக வீடுகள் என்று இதையே ரான் எக்லாஷ் எடுத்துக்காட்டினார். இசையில் ஜார்ஜ் லிகெட்டி தன் பியானோ ஆக்கங்களில் ஃபிராக்டலிலிருந்து தூண்டுதல் பெற்றதாகச் சொன்னவர்.

மேலே ஒரு வியாதி என்றேனே, அதற்கு வருகிறேன். அமெரிக்க ஓவியர் ஜாக்சன் போலாக் துணியைத் தரையில் விரித்து, சுற்றி நடந்தபடி பெயின்டை ஊற்றியும் சொட்டியும் வரைந்தவர். 1999-ல் ரிச்சர்ட் டெய்லர் என்ற இயற்பியலாளரும் கூட்டாளிகளும் அந்த ஓவியங்கள் ஃபிராக்டல் என்று நேச்சர் இதழில் எழுதினார்கள். படத்தின் மேல் கட்டம் போட்டு, பெயின்ட் பட்ட கட்டங்களை எண்ணி, கட்டத்தைச் சிறிதாக்கித் திரும்ப எண்ணுவது முறை. போலாக்கின் ஆரம்ப ஓவியங்களில் 1-க்கு அருகே இருந்த பரிமாணம் வருடங்கள் போகப் போக 1.7 வரை ஏறியது என்றார்கள். பிற்பாடு போலாக் வரைந்ததாகச் சொல்லி ஒரு பெட்டி நிறையச் சிறு ஓவியங்கள் வெளிவந்தபோது, ஆறு படங்களைச் சோதித்து, போலாக்கின் அடையாளம் இவற்றில் இல்லை என்றார் டெய்லர். 2006-ல் கேட் ஜோன்ஸ்-ஸ்மித் என்ற ஆய்வு மாணவியும் அவருடைய ஆசிரியர் ஹர்ஷ் மாதுரும் நேச்சரிலேயே மறுத்தார்கள். மாணவி சில நிமிடத்தில் கிறுக்கிய நட்சத்திரப் படம் அதே சோதனையில் "போலாக்" என்று தேறிவிட்டது! மிகச் சிறிய கட்டத்துக்கும் மிகப் பெரிய கட்டத்துக்கும் நடுவே உள்ள வீச்சு போதாது, அவ்வளவு குறுகிய வீச்சில் எதுவும் ஃபிராக்டல் போலத் தோன்றும் என்பது அவர்கள் வாதம். டெய்லர் தரப்பு அதை ஏற்கவில்லை. பிறகு நடந்த வேதியியல் சோதனையில், அந்தப் பெட்டி ஓவியங்கள் சிலவற்றில் போலாக் இறந்த 1956-க்குப் பிறகு வந்த நிறமிகள் இருந்தது தெரிந்தது. டெய்லரின் விடை சரியாகத்தான் போல. ஆனால் விடை சரி என்பதற்காக வழிமுறைக்கு முழு மதிப்பெண் போட முடியாது. இந்த விவாதத்தில் நான் அந்த மாணவியின் பக்கம்.

கடைசியாக ஒன்று, கையால் செய்து பார்க்க. தாளில் முக்கோணமாக மூன்று புள்ளிகள் வையுங்கள், எங்காவது நான்காவது புள்ளி. தாயக்கட்டை வேண்டாம், ஆறு முகப் பகடை எடுங்கள். 1, 2 விழுந்தால் முதல் மூலை, 3, 4 விழுந்தால் இரண்டாவது, 5, 6 விழுந்தால் மூன்றாவது. கடைசியாக வைத்த புள்ளிக்கும் அந்த மூலைக்கும் சரிபாதியில் அடுத்த புள்ளி. அங்கிருந்து மறுபடி உருட்டுங்கள். ஐம்பது புள்ளி வரை தூசிதான். சில நூறு தாண்டும்போது நடுவே ஒரு முக்கோணம் காலியாகவே இருப்பது தெரியும், அப்புறம் அதைச் சுற்றி மூன்று சின்ன முக்கோணங்களும். ஒரு மத்தியானம் பிடிக்கும், வீட்டில் பிள்ளைகள் இருந்தால் உருட்ட ஆள் கிடைக்கும். முதல் ஏழெட்டுப் புள்ளிகளை மட்டும் பென்சிலால் வைத்து அப்புறம் அழித்துவிடுங்கள், அவை இன்னும் உருவத்துக்குள் வந்து சேராதவை.